கையைத் தூக்குங்கம்மா!

"அண்ணி, நீங்க சும்மா உட்காருங்க. குடத்தை நான் தூக்கறேன்!"

"கையை ஆட்டாதேம்மா, தையல் பிரிஞ்சுடப் போவுது!"

முகையூரில் எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியபோது, நாத்தனாரும் மாமியாரும் இப்படித்தான் தாங்கினார்கள். மல்லாட்டை உரிக்கக்கூட விடவில்லை. அக்காவும் ஒரு மாதம் கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள்.

பிறகு கதிர் சிகிச்சைக்குப் போனாள். மேஜையில் படுக்க வைத்து, "கையைத் தலைக்கு மேல தூக்கி வையுங்கம்மா" என்றார்கள். கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது! அக்குள் மறையாமல் இருந்தால்தானே கதிர் சரியான இடத்தில் விழும்? "முதல்ல பிசியோதெரபி செஞ்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே பஸ் ஏறினாள் அக்கா. வீட்டார் காட்டிய அன்பில் குறையில்லை; அந்த அன்பே கையை இறுக்கிவிட்டது.

ஏன் இறுகுகிறது?

மார்பில் ஆபரேஷன் செய்யும்போது பல பேருக்கு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். அசையாத தோள் மூட்டு துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி ஒன்று இழுக்கும். "ஐயோ, நோய் திரும்ப வந்துடுச்சா?" என்று பயந்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு வருவதுதான் அது. பயிற்சியில் பெரும்பாலும் சரியாகும். ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கை வீக்கம். முடிச்சுகளை எடுத்த பின் நிணநீர் வடிய வழி குறைகிறது. தசை அசைந்தால்தான் அந்த நீர் மேலே தள்ளப்படும். "வீங்கின கையால வேலை செய்யலாமா?" என்று கேட்பீர்கள். 2009-ல் அமெரிக்காவில், கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிப் பேர் ஓராண்டு காலம், வாரம் இரண்டு முறை, கையில் அழுத்த உறை போட்டுக்கொண்டு சிறிது சிறிதாக எடை தூக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, தொந்தரவும் குறைந்தது. அதற்காக எடுத்த எடுப்பில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடாதீர்கள்! பழகிக் கொடுப்பவர் சொல்லும் அளவில்தான் தொடங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக் கூடியவை

முதல் நாட்களில்: விரல்களை மடக்கி விரியுங்கள். முழங்கையை மடக்கி நீட்டுங்கள். தோள்களை மெல்லச் சுழற்றுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. நீர் வடியும் குழாயை எடுக்கும் வரை கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

டாக்டர் சம்மதித்த பின்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வது போல் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நாளைக்கு அதற்குக் கொஞ்சம் மேலே! படுத்துக்கொண்டு, ஒரு மெல்லிய கம்பை இரு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டு போகலாம். குளித்த பின் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துத் துடைக்கலாம். தலை வாருவதும், கொடியில் துணி போடுவதும் பயிற்சிதான்.

இழுப்பது போல் இருந்தால் பரவாயில்லை. சுரீரென்று வலித்தால் நிறுத்துங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் அவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

மருந்து ஏற்றும் நாட்களில் உடம்பு அசந்து போகும். "படுத்தே கிடந்தால் தெம்பு வரும்" என்பது பாதி உண்மைதான். முடிந்த நாளில் வாசலோடு பத்து நிமிடம் நடங்கள், அசதி குறையும். உடம்பு தேறத் தேற வாரம் மூன்று நாள், அரை மணி நேர நடை என்று கூட்டுங்கள்.

யாரைக் கேட்பது?

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அன்று "பிழைப்பாளா?" என்பதுதான் கேள்வி. இன்று பிழைத்து வருகிறவர்கள் பலர். பிழைத்தவள் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டாமா? பிள்ளையை இடுப்பில் தூக்க வேண்டாமா?

முகையூர் மாதிரி ஊரிலிருந்து பயிற்சிக்காக தினம் விழுப்புரமோ புதுச்சேரியோ போய்வர முடியாது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்தது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுப் பாருங்கள். கூச்சம் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "கைக்கு என்ன பயிற்சி?" என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

அக்கா வீட்டுச் சுவரில் ஏணி மாதிரி சுண்ணாம்புக் கோடுகள் ஏறின. நாத்தனார்தான் தினமும் கோடு போட்டாள். "அண்ணி, இன்னும் ஒரு விரக்கடை!" சில வாரத்தில் கை தலைக்கு மேல் போய், கதிர் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருத்தி இருந்தால், குடத்தை நீங்களே தூக்குங்கள், தப்பில்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு சுண்ணாம்புத் துண்டோடு அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.