கடிகாரம் கழற்றிய இடம்

ஷேட் நம்பர் சரியாக இருந்தும் சுவரிலும் காரிலும் ஒட்டுப் போட்டது ஏன் தெரிகிறது?

ஹாலில் பழைய கடிகாரத்தைக் கழற்றியதும் இரண்டு ஆணி ஓட்டைகள் பல்லைக் காட்டின. பரணில் மிச்ச பெயின்ட் டப்பா இருந்தது. மூடியில் ஷேட் நம்பர்கூட அழியவில்லை. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கோட் அடித்தேன். இரவு டியூப் லைட்டில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்தது. சுற்றிலும் சுவர் லேசாக மினுங்க, நடுவில் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு திட்டு. ஓட்டையே தேவலை என்று ஆகிவிட்டது.

டப்பாவின் மேல் குற்றமில்லை. கடிகாரம் மறைத்திருந்த வட்டத்துக்குள் நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. வட்டத்துக்கு வெளியேதான் சுவர் பல வருட வெயிலில் வெளுத்திருந்தது. டப்பாவில் இருப்பது சுவருக்குப் பெயின்ட் அடித்த அன்றைய நிறம். போதாக்குறைக்கு, பிரைமர் காணாத பட்டி பெயின்டைக் குடித்துவிட்டு மங்கிப்போனது. பழைய சுவர் ரோலர் போட்டது. நான் இழுத்ததோ பிரஷ். சாய்ந்து விழும் வெளிச்சம் இது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறமும் மினுக்கமும்

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-ல் வெளியிட்ட நூலில் எந்த நிறத்தையும் மூன்று அளவுகளுக்குள் அடக்கினார்: என்ன வண்ணம், எவ்வளவு வெளிர்வு, எவ்வளவு செறிவு. மினுக்கம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஒரே ஷேடை மேட், சாட்டின், கிளாஸ் மூன்றிலும் அடித்துப் பாருங்கள், மூன்று நிறமாகத் தெரியும். கிளாஸ் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவதால் நிறம் அடர்த்தியாகத் தெரிகிறது. மேட் நாலாபுறமும் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரிகிறது.

எனவே, முதலில் ஓர் அட்டையில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தபின் பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும். அட்டையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, காலையிலும் மாலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு பெயின்ட், கலந்திருக்கும் நிறமிகள் வேறு என்றால், இன்னொரு வெளிச்சத்தில் அந்நியமாகிவிடும்.

மரத்துக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. பாலிஷ் போடாத புதுச் சட்டத்தை ஈரத்துணியால் துடையுங்கள். வார்னிஷ் அடித்தபின் வரப்போகும் நிறம் ஏறக்குறைய அதுதான்.

சில்வர் கார்

காரில் மெட்டாலிக் சில்வர்தான் பெரிய சோதனை. கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பானெட்டுக்குள்ளோ பெரும்பாலும் நிறக் குறியீடு இருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போகுமுன் கீறல் விழுந்த இடத்தைச் சுற்றி ரப்பிங் போடுங்கள். அழுக்குப் படலம் போனால்தான் வண்டியின் இன்றைய நிறமே தெரியும்.

சில்வருக்குள் இருப்பவை நுண்ணிய அலுமினியச் செதில்கள். ஸ்பிரே சொதசொதவென்று விழுந்தால் அவை தாறுமாறாக நின்று நிறம் கறுக்கும். மெல்லிய தூவலாக விழுந்தால் படுத்துக்கொண்டு வெளுக்கும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேர் இரண்டு நிறம் அடிப்பது இப்படித்தான். டச்-அப் பிரஷ்ஷால் தொட்டால் கறுப்பு மருவாக நிற்பதும் இதனால்தான்.

கைதேர்ந்த பெயின்டர் கதவோடு நிறுத்தமாட்டார். பக்கத்து ஃபெண்டர்வரை நிறத்தைத் தூவிக் கரைத்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பேனலுக்கும் முழுசாகக் கிளியர் கோட் போடுவார். இரண்டு நிறமும் நூற்றுக்கு நூறு ஒன்றாகிவிடுவதில்லை. எங்கே மாறுகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது, அவ்வளவுதான்.

அந்தச் சூட்சுமத்தைத்தான் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டேன். புதிதாக ஒரு டப்பா வாங்கி, பரண் மிச்சத்தையும் ஒரே வாளியில் கலக்கி, மூலையிலிருந்து மூலைவரை சுவர் முழுக்க ரோலர் போட்டேன். மற்ற மூன்று சுவர்களும் பழையவைதான். மூலையில் வெளிச்சமே திசைமாறுவதால் இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கடிகாரம் இப்போது எதிர்ச்சுவரில் ஓடுகிறது. அதைக் கழற்றுகிற உத்தேசம் இல்லை.