கடவுள் இல்லையென்றால் கதியும் இல்லையா?

“சாமி இல்லை, பூதம் இல்லை என்கிறீர்களே! கஷ்டம் வந்தால் யாரிடம் போய் அழுவீர்கள்? செத்தால் எங்கே போவீர்கள்? எதை நம்பித்தான் வாழ்கிறீர்கள்?”

நம் தோழர்கள் காலங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி இது. பண்டிதர் கேட்டால் மேடை போட்டுப் பதில் சொல்லிவிடலாம். ஆனால், பெரும்பாலும் இதைக் கேட்பவர் பக்கத்துத் தறியில் நிற்கும் தொழிலாளி. அல்லது நம்மைப் பெற்ற தாய். கேலிக்காக அவர்கள் கேட்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில், கதவடைத்த ஆலையின் வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். அந்த இடத்தில் தர்க்கம் பேசினால் எடுபடுமா? எடுபடாது. வாழ்ந்து காட்டியவர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டும்.

அப்படியொரு சாட்சி, 23 வயது வாலிபன் பகத்சிங்.

தூக்குமேடையின் நிழலில்

1929 ஏப்ரல் 8. டில்லி மத்திய சட்டசபையில் பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் குண்டு வீசினார்கள். யாரையும் கொல்ல வீசிய குண்டல்ல. ஆள் இல்லாத இடம் பார்த்து வீசினார்கள். வீசியபின் ஓடாமல் நின்று கைதானார்கள். அன்று சபையின் முன் இருந்த மசோதாக்கள் எவை தெரியுமா? ஒன்று பொதுப் பாதுகாப்பு மசோதா. மற்றொன்று, வேலைநிறுத்த உரிமையின் கழுத்தை நெரிக்க வந்த தொழில் தகராறு மசோதா! தொழிலாளியின் பிரச்னையோடுதான் அந்த வாலிபனின் சிறைவாசம் தொடங்கிற்று.

சிறைக்குள்ளும் போர் ஓயவில்லை. அரசியல் கைதிகளுக்கு மனிதருக்குரிய உணவு வேண்டும், படிக்கப் புத்தகம் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அதில் 63ஆம் நாள், 1929 செப்டம்பர் 13இல், தோழர் ஜதீந்திரநாத் தாஸ் உயிர் நீத்தார். தன் கண்முன்னே தோழனை இழந்தவன் பகத்சிங். ஆகவே, துன்பம் இன்னதென்று அறியாமல் நாத்திகம் பேசினான் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

1930 அக்டோபர். லாகூர் சதி வழக்கின் தீர்ப்பு நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில், நெடுங்காலம் சிறையில் வாடிய மூத்த விடுதலை வீரர் பாபா ரந்தீர் சிங் அவனைச் சந்தித்தார். பெரியவர் பழுத்த பக்திமான். கடவுளை நம்பும்படி வாலிபனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் இணங்கவில்லை. புகழ் தலைக்கேறியதால்தான் நீ கடவுளை மறுக்கிறாய் என்று கடிந்துகொண்டார்.

அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகப் பிறந்ததுதான் ‘நான் நாத்திகன் ஏன்?’ என்ற கட்டுரை. அதை அவன் எழுதியது அக்டோபர் 5, 6 தேதிகளில். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது அக்டோபர் 7இல்!

அவன் என்ன சொன்னான்?

பிறவி நாத்திகன் அல்ல அவன். ஆரிய சமாஜப் பற்றுள்ள குடும்பத்தில் வளர்ந்து, பள்ளி நாளில் மணிக்கணக்காகக் காயத்திரி ஜபித்தவன். பிறகு படித்தான், பக்கூனினைப் படித்தான், மார்க்ஸைப் படித்தான், லெனினைப் படித்தான். 1926ஆம் ஆண்டு முடிவதற்குள் தெளிவு பிறந்துவிட்டது. 1927 மே மாதம் முதன்முதலாகக் கைதானபோது, கடவுளைத் தொழும்படி போலீஸ் அதிகாரிகளே தூண்டினார்கள். அமைதியான காலத்தில் மட்டும் நாத்திகனாக இருக்கிறோமா, ஆபத்திலும் நிற்போமா என்று தன்னையே சோதித்துக்கொண்டான். தொழவில்லை.

நம்பிக்கை உள்ளவனுக்குத் துன்பம் இலகுவாகும், சில சமயம் இன்பமாகவே தோன்றும் என்பதை அவன் மறைக்கவில்லை. கடவுளை விட்டவன் புயலிலும் சூறாவளியிலும் சொந்தக் காலில் நிற்கவேண்டும், அது குழந்தை விளையாட்டல்ல என்று ஒப்புக்கொள்கிறான். நாத்திகம் சுலபமான வழி என்று அவன் யாருக்கும் ஆசை காட்டவில்லை.

பிறகு, தன் சாவையே எடுத்து மேஜைமேல் வைத்துப் பேசுகிறான். இந்து அடுத்த பிறவியில் அரசனாகப் பிறப்போம் என்று எண்ணலாம். முஸ்லிமும் கிறிஸ்தவரும் சொர்க்கபோகம் கிடைக்கும் என்று எண்ணலாம். எனக்கு என்ன கிடைக்கும்? கயிறு கழுத்தில் விழும் கணமே என் கடைசிக் கணம். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டே, சுயநலமில்லாமல் போராடிய சின்னஞ்சிறு வாழ்வே தனக்குப் போதுமான பரிசு என்று கணக்கை முடிக்கிறான். இம்மையிலோ மறுமையிலோ கூலி எதிர்பாராமல், மனிதகுலத்தின் விடுதலைக்கென்றே திரளான ஆண்களும் பெண்களும் முன்வரும் நாளில் புதிய யுகம் பிறக்கும் என்பது அவனுடைய நம்பிக்கை.

கவனியுங்கள் தோழர்களே! கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் நம்பிக்கை இல்லாதவனா? சாவுக்கு நாள் குறிக்கப்படும் நேரத்தில், தான் பார்க்கப்போகாத ஒரு காலத்தைப் பற்றி இவ்வளவு திடமாக எழுதியவனை வாழ்க்கையில் பிடிப்பற்றவன் என்று யார் சொல்வார்கள்?

1931 மார்ச் 23 மாலை. ராஜகுரு, சுகதேவ் ஆகியோருடன் அவனையும் தூக்கிலிட்டார்கள். குறித்த நாளுக்கு முன்பே, அவசர அவசரமாக! ஜனங்களுக்கு அஞ்சி, உடல்களை இரவோடிரவாகக் கொண்டுபோய்ச் சட்லெஜ் ஆற்றங்கரையில் எரித்தார்கள். உடல் எரிந்தது. எழுத்து எரியவில்லை.

பஞ்சாபிலிருந்து ஈரோட்டுக்கு

அடுத்த வாரமே, மார்ச் 29 ‘குடிஅரசு’ இதழில் பகத்சிங்கைப் பற்றிப் பெரியார் தலையங்கம் தீட்டினார். பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழில் தந்தவர் ஜீவா. 1930களின் நடுவில் அது ஈரோட்டிலிருந்து வெளிவந்தபோது, வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் மொழிபெயர்த்த ஜீவாவையும் வெள்ளை அரசு கைது செய்தது.

ஜீவா பிறந்தது 1907 ஆகஸ்டில். பகத்சிங் பிறந்தது அதே ஆண்டு செப்டம்பரில். ஒருவனை 23 வயதில் கயிறு கொண்டுபோயிற்று. மற்றவர் 1963 வரை வாழ்ந்தார். சட்டசபை உறுப்பினராக இருந்தும் தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். ஒரே கணத்தில் உயிரைக் கொடுப்பது ஒரு விதம். முப்பது ஆண்டுகள் தினந்தினம் கொடுப்பது இன்னொரு விதம். இருவருமே மறுமைக் கூலி கேட்கவில்லை.

சிங்காரவேலரைப் பாருங்கள். கடவுள் நம்பிக்கையற்ற அந்தக் கிழவர், 63ஆம் வயதில், 1923 மே 1ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1946 பிப்ரவரியில் மறைந்தார். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது அவர் மறைந்த பிறகுதான். அதைக் காண அவர் இல்லை. அதனால் அவர் வாழ்வு வீணாயிற்றா? அந்த வரம்பினால் எட்டு மணிக்குப்பின் வீடு திரும்பிப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய ஒவ்வொரு தொழிலாளியிடமும் கேட்டுப் பாருங்கள்!

ஆறுதல் எங்கே?

“எல்லாம் சரி. என் பிள்ளை செத்துப்போனானே, அதற்கு உங்கள் பதில் என்ன?” என்று ஒரு தாய் கேட்டால்?

இறந்தவன் திரும்பமாட்டான் என்பதை நாம் மாற்றிச் சொல்லமுடியாது. பொய் சொல்லித் தேற்றவும் கூடாது. ஆனால் கொதிகலன் வெடித்து ஒரு தொழிலாளி இறந்தால், ‘விதி’ என்று சொன்ன மாத்திரத்தில் முதலாளி தப்பிவிடுகிறான். ‘ஏன் வெடித்தது?’ என்று கேட்டால்தான் அடுத்த தொழிலாளி பிழைக்கிறான். தன் இழப்பு இன்னொருத்தி வீட்டுக்கு வராமல் தடுத்தோம் என்பது கண்ணீரைத் துடைத்துவிடாது. ஆனால் எழுந்து நடக்கக் கால் கொடுக்கும்.

சாவையும்கூட உபயோகமாக்கியவர்கள் உண்டு. 2010 ஜனவரியில் மறைந்த தோழர் ஜோதிபாசு, 2024 ஆகஸ்டில் மறைந்த தோழர் புத்ததேவ் பட்டாச்சார்யா, அடுத்த மாதமே மறைந்த தோழர் சீத்தாராம் யெச்சூரி ஆகிய மூவரின் உடல்களும் மருத்துவ மாணவர்கள் படிப்பதற்குத் தானமாகத் தரப்பட்டன. மோட்சம் தேடிப் போகாத உடல்கள், வருங்கால டாக்டர்களுக்குப் பாடப்புத்தகமாயின.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை

கோயிலுக்குப் போகும் தொழிலாளியை ஏளனம் செய்யாதீர்கள். மதத்தை அபினிக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே இடத்தில் அதை ஒடுக்கப்பட்ட ஜீவனின் பெருமூச்சு என்றும் கண்டார். பெருமூச்சு விடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பவன் தோழனாக மாட்டான். அவனை மூச்சுத் திணற வைக்கும் பாரத்தை இறக்க ஒரு கை கொடுங்கள்.

கடவுள் வருவார் என்று நம்புகிறவன், மனிதர் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வான். நம்மவனுக்கு மனிதரை விட்டால் வேறு துணை இல்லை. ஆகவே நமக்குப் பொறுப்பு இரட்டிப்பு. சடங்கு வேண்டாம் என்று சொன்ன தோழன் வீட்டில் சாவு விழுந்தால், புரோகிதர் இல்லாமற் போகட்டும். பாடை தூக்க ஆள் இல்லாமற் போகக்கூடாது. பதினாறாம் நாள் காரியம் இல்லாமற் போகட்டும். பதினேழாம் நாள் அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க ஆள் போகவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டியாயிற்றா, விதவைக்குப் பிராவிடண்டு பண்டுப் பணம் வந்ததா என்று சங்கம் விசாரிக்கவேண்டும். இரத்தம் தேவை என்றால் நடுநிசியிலும் நம் கிளைத் தோழர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, “எதை நம்பி வாழ்கிறீர்கள்?” என்று கேட்கும் அந்தத் தாயின் முன் போய் நில்லுங்கள். பதிலை அவளே சொல்லிவிடுவாள்.