கிராவல் சைக்கிளும் நமது பழைய வண்டியும்

கிராவல் என்ற சொல் நம்மவர்க்குப் புதிதன்று. ஏரிக்கரையிலும் கரும்புத் தோட்டத்து வழியிலும் செம்மண் சரளையைக் கொட்டிச் சமன் செய்தால் அதனைக் கிராவல் ரோடு என்றே சொல்லிவருகிறோம். ஆயினும் அப்பெயரால் ஒரு சைக்கிள் விற்கிறது என்று நம் தம்பி வந்து சொன்னபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. விஜயபுரத்திலிருந்து அத்தகைய வழியாகவே நாள்தோறும் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குச் சென்று, திருப்பதி செல்லும் ரயிலைப் பிடிக்க வேண்டியவன் அவன். ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. எந்தக் கம்பெனி வண்டியை வாங்குவது என்பதே அவன் கேள்வி.

இவ்விஷயத்தில் நாம் ஒருமுறை சூடுபட்டவர்கள். பத்து வருஷங்களுக்கு முன் பெயரை நம்பி, நீண்டு தாழ்ந்த வண்டியொன்றை வாங்கினோம். கடைக்காரர் நமது உயரத்தைக் கேட்டாரேயன்றிக் கை கால்களின் அளவைக் கேட்கவில்லை. மூன்றே மாதங்களில் கழுத்து வலியும் விரல் மரப்பும் கண்டன. பாதி விலைக்கு விற்றோம். வீட்டார் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவதுண்டு, நியாயந்தான்.

அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்துச் சரளைச் சாலைகளில் 2006ஆம் ஆண்டு முதல் 200 மைல் பந்தயம் ஒன்று நடந்துவருகிறது. பந்தய வண்டியின் மெல்லிய டயர் அங்கே தாங்காது. மலை ஏறும் வண்டியோ வேகம் கொடாது. இவ்விரண்டிற்கும் நடுவே பிறந்ததே கிராவல் சைக்கிள். அதன் டயரின் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதைப் படித்ததும் எழுந்து போய் அப்பாவின் ஹெர்க்குலிஸ் வண்டியின் டயரைப் பார்த்தோம். 28 அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றிருந்தது. ஒன்றரை அங்குலமென்றால் சற்றேறக்குறைய அதே அகலந்தான்!

ஒற்றுமை டயரோடு நிற்கவில்லை. பந்தய வண்டியில் ஹேண்டிலைத் தாங்கும் குழாய் தரைக்கு 73 பாகை அளவில் நிமிர்ந்து நிற்கும். கிராவல் வண்டியில் அது 71 பாகையை ஒட்டிச் சாயும். நமது பழைய வண்டியிலோ இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்கும். சாய்வு மிகுந்தால் முன்சக்கரம் சற்றுத் தள்ளி நின்று, உருளும் கற்களின்மேல் சட்டென்று திரும்பாமல் நேரே செல்லும். இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நீளமும் அவ்வாறே உதவும். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியார் ஹெர்க்குலிஸ் வண்டியை நமது மண்பாதைகளில் ஓட விட்டபோது, அதற்குக் கிராவல் என்று பெயரிட வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

அப்படியாயின் புது வண்டி எதற்கு? மழைக்காலத்தில் பழைய வண்டியின் கம்பிப் பிரேக் இரும்பு ரிம்மில் வழுக்கும், கியரும் ஒன்றே. டிஸ்க் பிரேக்கும் கியர்களும் வீண் ஆடம்பரம் அல்ல. ஆனால் அதன் விலைக்குப் பழைய மாதிரி வண்டிகள் நான்காவது வாங்கலாம் என்பதால், பெயருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. பெயரின் ஆயுளைத்தான் பார்த்தோமே! 1951இல் சோனிபட்டில் பிறந்த அட்லஸ் கம்பெனி, 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, ஸாஹிபாபாத் ஆலையில் வேலையை நிறுத்தியது. ஆயினும் அட்லஸ் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் டயரும் செயினும் எந்தக் கடையிலும் கிடைப்பதே காரணம்.

தம்பிக்கு முதலில் அளவு எடுத்தோம். சுவரோரம் நிற்க வைத்து, கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே உயர்த்தி, அதன் மேல்விளிம்பு வரை டேப்பு பிடித்தோம். பிறகு கம்பெனிகளின் அட்டவணைகளைப் பார்த்தோம். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே என்ற இரு எண்களே முக்கியம். ஒரு கம்பெனியின் 54ஆம் எண் மற்றொன்றின் 54 ஆகாது. கம்பெனிகளே மனம் மாறுவதும் உண்டு. ட்ரெக் தனது செக்பாயிண்ட் வண்டியின் முன்நீளத்தை 2021இல் கூட்டியது, 2024இல் குறைத்தது. ஜயண்ட்டின் ரெவோல்ட்டில் பின்சக்கரத்தையே 10 மில்லிமீட்டர் முன்பின் தள்ளி வைக்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல யுக்திதான், ஆனால் தம்பியின் பிரயாணத்திற்கு அது தேவையில்லை.

முடிவில் அவன் தேர்ந்தது விலை குறைந்த வண்டியே. அலுமினியச் சட்டம், 38 மில்லிமீட்டர் டயர், எண்ணெயில் அன்றிக் கம்பியில் இயங்கும் டிஸ்க் பிரேக். கம்பியென்றால் நம்மூர்க் கடைக்காரர் பழுது பார்ப்பார். வாங்குமுன் கடைவாசலில் அரைமணி நேரம் ஓட்டச் செய்தோம். முழங்கை மடங்கியே இருந்தது, தோள் இறுகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் கைகொடுத்தது. மீந்த பணத்தில் இரண்டு டயர்களும் ட்யூபுகளும் வாங்கி வைத்தான். அதன் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு ஹெர்க்குலிஸின் 635 மில்லிமீட்டர் டயர் பொருந்தாது, இங்கே அவசரத்திற்கு வேறு கிடைக்காது.

காரியர் மாட்டும் துளை சட்டத்தில் இருக்கிறது; காரியர் இன்னும் வாங்கவில்லை. ஆகவே அரிசி மூட்டை இன்றும் அப்பாவின் ஹெர்க்குலிஸில்தான் வருகிறது.