பட்டாணி வயலில் இறங்கிய கொக்குகள்

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலாஸ்காவில் பலருக்கு ஒரே மாதிரி வயிற்றுப்போக்கு. கூடவே காய்ச்சல், குடலைப் பிசையும் வலி, சிலருக்கு மலத்தில் ரத்தம். ஆய்வகத்தில் உறுதியானவர்களே 60 பேருக்கு மேல். காரணம் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா. இந்தப் பெயரைக் கேட்டால் கோழிக்கறியையும் காய்ச்சாத பாலையும்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இம்முறை மாட்டியது பச்சைப் பட்டாணி!

எச்சம் தட்டுக்கு வந்த வழி

அங்குள்ள பட்டாணி வயல்களில் சாண்ட்ஹில் கொக்குகள் கூட்டமாக இறங்கி மேயும். குளிர் வருமுன் தெற்கே பறந்துவிடும். அவற்றின் எச்சத்திலும் பட்டாணியிலும் இருந்த கிருமி, நோயாளிகள் பலரிடம் கிடைத்த கிருமியோடு மரபணு அளவில் ஒத்துப்போனது.

கொக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அறுவடையான பட்டாணியைக் கழுவிய நீரில் குளோரின் எஞ்சியிருக்கவில்லை. அதை வாங்கியவர்களோ வேகவைக்காமல் அப்படியே கொறித்தார்கள். இந்த இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் எச்சம் வயலோடு போயிருக்கலாம்.

பறவைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

இந்தக் கிருமி செழித்து வளர்வது 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். பறவைகளின் உடல் வெப்பமும் ஏறத்தாழ அதுதான். ஆகவே பறவைக் குடல் அதற்குத் தாய்வீடு மாதிரி. பெரும்பாலும் பறவைக்கு நோவு தராமலே குடியிருக்கும். நமக்கோ சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே போதும், இரண்டு முதல் ஐந்து நாளில் படுக்கவைத்துவிடும்.

வயிற்றோடு நிற்காதபோது

பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க வேண்டாம். மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், குழந்தைக்குச் சிறுநீர் குறைதல் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அரிதாக, வயிறு சரியான சில வாரங்களில் கால் மரத்து, பலம் குறையத் தொடங்கும். கில்லன்-பாரே எனும் நரம்புப் பாதிப்பு இது. அலாஸ்காவிலும் ஒருவருக்கு வந்தது. மூச்சுத் தசைகள் வரை பரவக்கூடியது என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில்

வலசைப் பறவைகளை விரட்டத் தேவையில்லை. நம் வீடுகளில் பெரிய ஆபத்து, பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதுதான். வயலில் பறித்ததைக் குழாய் நீரில் அலசினால் கிருமி குறையும், முழுக்கப் போகாது. பட்டாணியை ஒரு கொதி விட்டு எடுத்தால் செத்துவிடும்.