தோற்றமும் தோன்றும் முறையும்: போல் கிளேயின் ஓவியங்கள் குறித்து

இயற்கைத் தோற்றத்தினின்றும் விலகிய ஓவியம் வாழ்வினின்றும் விலகியது என்னும் கருத்து முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. உருவவாதம் என்ற ஒரு சொல்லால் அத்தகைய ஓவியங்கள் யாவற்றையும் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், இயற்கையின் தோற்றத்தைக் கைவிடுவதும் இயற்கையையே கைவிடுவதும் ஒன்றாகுமா? இவ்வினாவை ஆராய்வதற்குப் போல் கிளேயின் (1879-1940) பணி பெரிதும் துணைபுரிகின்றது.

சுவிற்சலாந்தின் பேர்ண் நகருக்கு அண்மையில், ஜேர்மானியரான இசையாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கிளே. 1921 முதல் 1931 வரை ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கல்லூரியிற் கற்பித்தார். இலைகளையும் சிப்பிகளையும் சேகரித்து அவற்றின் அமைப்பை நுணுகி நோக்குவது அவரது வழக்கம். இலையின் வெளிவரையை மட்டும் அவர் நோக்கவில்லை. நரம்புகள் எவ்வாறு கிளைக்கின்றன, அக்கிளைப்பு இலையின் வடிவத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்பதே அவரது வினாவாயிற்று. 1925இல் வெளிவந்த அவரது பாடநூலில், நீராலை, தாவரம், குருதிச் சுற்றோட்டம் ஆகியன அருகருகே ஆராயப்படுகின்றன. தம்முள் வேறுபட்ட இவற்றில், இயக்குவது, இடைநின்று கடத்துவது, இயக்கப்படுவது என்னும் ஒரே ஒழுங்கை அவர் கண்டார். நீர்வீழ்ச்சி இயக்குகின்றது; ஆலை கடத்துகின்றது; சம்மட்டி இயக்கப்படுகின்றது. இயற்கையை முடிந்த பொருளாகவன்றி, நிகழ்ந்து கொண்டிருக்கும் இயக்கமாக நோக்கும் பார்வை இதுவாகும்.

1924இல் ஜெனா நகரில் நிகழ்த்திய உரையில் அவர் கலைஞனை மரத்தின் அடிமரத்துக்கு ஒப்பிட்டார். வேரினின்றும் பெற்றதை அடிமரம் மேலே செலுத்துகின்றது. எனினும், மேலே விரியும் கிளைகள் வேரின் பிரதிபிம்பமாக இருத்தல் வேண்டுமென எவரும் கோருவதில்லை. கலை வாழ்வைப் பிரதிபலிக்கின்றது என்பதைக் கண்ணாடியின் பிரதிபலிப்பாக மட்டும் விளங்கிக் கொள்வோர் இவ்வுவமையை ஊன்றி நோக்குதல் தகும். வேரின்றிக் கிளை இல்லை. ஆனால் கிளை வேரின் நகலன்று.

1928ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்துக்குச் சென்று திரும்பிய கிளே, 1929இல் ‘பெருவழியும் கிளைவழிகளும்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். நூற்றுக்கணக்கான வண்ணப் பட்டைகள் ஒடுங்கியும் விரிந்தும் மேலே தெரியும் நீல நிறத்தை நோக்கிச் செல்லும் இவ்வோவியம் நைல் நதிக்கரை வயல்களை நினைவூட்டுவது. அவ்வயல்களின் ஒழுங்கை இயற்கை மட்டும் வகுத்துவிடவில்லை. ஆற்றுநீரும் வண்டலும் தந்த நிலத்தை வாய்க்காலும் வரப்புமாகப் பிரித்தது உழவரின் உழைப்பாகும். கிளே அவ்வொழுங்கைக் கண்டார், உழவரை வரையவில்லை. இது அவரது கலையின் எல்லையெனக் கூறுவது தவறாகாது. எனினும், இவ்வெல்லையைச் சுட்டுவதோடு அவரைப் பற்றிய மதிப்பீடு முற்றுப்பெற்றுவிடாது.

நாஸிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் கிளேயின் வீடு சோதனையிடப்பட்டது. டுசல்டோர்ப் கலைக்கழகப் பதவியினின்றும் அவர் நீக்கப்பட்டார். 1937இல் அவரது 102 படைப்புக்கள் ஜேர்மனியின் பொதுச் சேகரிப்புக்களிலிருந்து பறிமுதல் செய்யப்பட்டன. அவற்றுட் பதினேழு, மியூனிச்சில் ‘சீரழிந்த கலை’ என இகழ்ந்து காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வாட்சி போற்றிய கலையிலும் இயற்கை இருந்தது: செழித்த வயல், கட்டுடல் வாய்ந்த உழவன், மாறாத குடும்பம். தோற்றத்தில் இயற்கையோடு ஒத்திருந்த அவ்வோவியங்கள், இனமும் அதிகாரமும் என்றும் மாறாதவை என்னும் பொய்யைத் தாங்கி நின்றன. யாவும் வளர்ந்தும் மாறியும் வருவன என உணர்த்தும் கலை அப்பொய்க்கு ஒவ்வாததாயிருந்தமை வியப்பன்று.

பேர்ண் நகருக்குத் திரும்பிய கிளே, 1935 முதல் கடும் நோயுற்றிருந்தும் 1939ஆம் ஆண்டில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட படைப்புக்களை ஆக்கினார். பிறந்த நாட்டின் குடியுரிமை கிட்டுமுன்னரே 1940இல் மறைந்தார்.

ஓர் ஓவியம் இயற்கையை ஒத்திருக்கின்றதா என்பது விமர்சனத்தின் இறுதி வினாவாக இருத்தல் இயலாது. இயற்கையின் எவ்வியக்கத்தை அது புலப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பனவே நாம் எழுப்ப வேண்டிய வினாக்களாகும்.