இயற்கையும் உளமகிழ்வும்

மகிழ்ச்சி பிறவிக் குணத்தின் பாற்பட்டது எனக் கொள்வார் உளர். பலரோடும் கலந்து பழகும் புறமுகச் சுபாவத்தினர் ஏனையோரினும் மகிழ்ந்திருத்தலை உளநூலார் பலகாற் கண்டுள்ளமையால், அக்கொள்கை முற்றாகத் தள்ளற்பாலதன்று. எனினும், இயற்கையோடு தமக்கு உறவுண்டென உணரும் இயல்பும் மகிழ்ச்சியோடு தொடர்புடையதே. 8,523 பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான கட்டுரையொன்று, அத்தொடர்பின் அளவை 0.19 எனக் கணித்தது. சிறிய எண்தான், ஆயின் வருவாய்க்கும் மகிழ்ச்சிக்கும் இடையிலுள்ள தொடர்பும் ஏறத்தாழ அவ்வளவினதே. பொருள் தேடி அலைவோர் இதனைச் சற்றே நோக்குவாராக.

இயற்கை மகிழ்வைத் தருகிறதா, மகிழ்ந்தவரே இயற்கையை நாடுகின்றனரா என்பதை அவ்வெண் கூறாது. கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்லட்டன் பல்கலைக்கழகத்தில் நிஸ்பெத், செலென்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கு எளியதொரு வழி கண்டனர். அங்குக் கட்டடங்கள் நிலக்கீழ்ச் சுரங்கப்பாதைகளால் இணைக்கப்பட்டுள்ளன; கடுங்குளிர் நாட்டில் அது பெரும் வசதி. மாணவருள் ஒரு சாரார் உள்ளேயும், மற்றொரு சாரார் வெளியே மரங்களிடையேயும் நடந்தனர். யார் எங்கே நடப்பது என்பது அவரவர் விருப்பிற்கு விடப்படவில்லை. வெளியே நடந்தோரே மிகுந்த மகிழ்வெய்தினர். இயற்கையோடு உறவுணர்வும் அவர்பால் மிகுந்தது.

இதில் வியப்பில்லை எனலாம். வியப்பு வேறிடத்திலுள்ளது. அந்நடை எத்துணை இன்பந்தரும் என முன்கூட்டி மதிப்பிடக் கேட்கப்பட்டோர், வெளிநடையின் இன்பத்தைக் குறைத்தே மதித்தனர். 2011 இல் வெளியான இம்முடிவே அவ்வாய்வின் உயிர்நிலை. எதிர்பார்க்கும் இன்பத்தை வைத்தே மனிதர் தம் வழியைத் தெரிகின்றனர். அவ்வாறாயின், மரநிழல் அருகிருக்கவும் மாணவர் சுரங்கத்துள் இறங்குவதற்குக் குளிர் மட்டும் காரணமன்று.