அடுக்காளிகளும் தலைமையும்

கணினி வலையமைப்பிலே செய்திப் பொதிகளை உரிய வாயிலுக்குச் செலுத்துவது ஈதர்நெற் ஆளியாகும். இவ்வாளிகள் பலவற்றைச் சிறப்பு வடங்களாற் பிணைத்து, ஒன்றேபோல் ஆளும் முறை அடுக்குமுறை எனப்படும். சிஸ்கோ நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கற்றலிஸ்ற் 3750 வகையில் 9 ஆளிகள்வரை இவ்வாறு இணையும். அடுக்கு முழுவதையும் ஆளுதற்கு முகவரி ஒன்றே; அமைப்புக் கட்டளைகளின் தொகுதியும் ஒன்றே.

அடுக்கினை ஆள்வது தலைமையாளி. அதனைத் தெரிதற்கு 1 முதல் 15 வரையான முன்னுரிமையெண் உண்டு. பெரிய எண்ணுடையதே தலைமை பெறும். எண் குறிக்கப்படாவிடின் எல்லாம் 1 என்றே நிற்கும். அந்நிலையில், மின்தடையின்பின் யாவும் ஒருங்கே இயங்கத் தொடங்கின், தலைமை எதற்கென்பது பிற விதிகளாலே துணியப்படும். பொறுப்பாளர் கருதாத ஆளியும் தலைமை பெறலாம். ஆதலின் தலைமையாளிக்கும் அதற்கு அடுத்ததற்கும் எண்ணை முன்னரே குறித்தல் வேண்டும்.

வடங்களை வளையமாக முடித்தலும் இன்றியமையாதது. வளையத்தில் ஒரு வடம் அறுந்தால், செய்தி செல்லும் கொள்ளளவு பாதியாகும், தொடர்போ அறாது. வளையமின்றேல் அவ்வொரு முறிவே அடுக்கை இரண்டாகப் பிளக்கும். பிளந்த பகுதிகள் இரண்டும் ஒரே முகவரியைத் தமதெனக் கொள்ள, வலையமைப்புக் குழம்பும். இறுதி வடத்தை இணைத்தல் சிறுபணி. அஃதின்மையால் விளையும் கேடோ பெரிது.